லடாக் பழச்சாறும் வாங்குவோர் உரிமையும்

லடாக்கில் சிந்து, நுப்ரா, ஷியோக் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், முட்புதராக வளரும் சீபக்தார்ன் செடியின் பழம், மிளகினும் சற்றே பெரிதாய், ஆரஞ்சு நிறத்தில் கிளையோடு ஒட்டிக் காய்ப்பதாகும். முள்ளுக்கு அஞ்சிக் கையால் பறிக்காமல், அடியில் துணி விரித்துக் கோலால் கிளையைத் தட்டி உதிர்த்து அங்குள்ளோர் அதைச் சேகரிக்கின்றனர். லே நகரில் இயங்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகம் சாறு தயாரிக்கும் முறையை வகுத்தபின் சந்தைக்கு வந்த இப்பழம், விளையும் இடத்தால் ஒரு பொருளுக்கு அமையும் தரத்தையும் பெயரையும் காக்கும் புவிசார் குறியீட்டை 2023-இல் பெற்றது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் திருவிடந்தையில் குடியிருப்பவரும் இணையம் வழியே அதன் சாற்றையும் எண்ணெயையும் மாத்திரையையும் வீட்டிலிருந்தே வாங்க முடிகிறது.

வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டின் எனும் நிறமிகள், சதைப்பகுதி எண்ணெயில் உள்ள ஒமேகா-7 கொழுப்பு அமிலம் ஆகியவை இதன் உண்மையான சிறப்புகள். ஆயினும், பின்லாந்தில் 254 பேரிடம் 90 நாள் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், இப்பழக்கூழ் சளியைத் தடுக்கவில்லை; உடலின் அழற்சியைக் காட்டும் ஒரு புரதத்தின் அளவு மட்டுமே சற்றுக் குறைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கும் அன்றாட வைட்டமின் சி அளவு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம். செங்கல்பட்டுச் சந்தையில் கிடைக்கும் கொய்யா 100 கிராமிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால், இதற்காக மட்டும் விலையுயர்ந்த புட்டியை நாட வேண்டியதில்லை.

புளிப்பை மறைக்கச் சேர்க்கும் சர்க்கரையே பலருக்கு முதல் இடர். நீரிழிவு உள்ளோர் இதைக் கருதுதல் வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போரும், இப்பழம் உறைதலை மட்டுப்படுத்தக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்டபின்னரே மாத்திரையாகவோ எண்ணெயாகவோ உட்கொள்ளலாம். வழக்கமான மருந்தை இதற்காக நிறுத்துவது பேராபத்து.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006-இன்படி, புட்டியின் சீட்டில் 14 இலக்க உரிம எண், எடை மிகுதியானது முதலில் வரும் வரிசையில் சேர்பொருள்கள், ஊட்டச்சத்து விவரம், காலாவதி நாள் ஆகியவை இருத்தல் கட்டாயம். மாத்திரை வடிவில் விற்கும் ஊட்டச் சேர்க்கையில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருள்படும் வாசகமும் வேண்டும். சேர்பொருள் பட்டியலில் தண்ணீரும் சர்க்கரையும் முன்னே, பழக்கூழ் பின்னே நின்றால், வாங்குவது பெரும்பாலும் இனிப்பு நீர் என்பது விளங்கும். நோயைக் குணமாக்கும் என்று உணவுப்பொருளைப் பற்றிக் கூறி விற்பது சட்டவிரோதம். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், தவறான சீட்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு. புற்றுநோய், நீரிழிவு முதலியவற்றைத் தீர்க்கும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டமும் தடுக்கிறது.

ஏமாற்றப்பட்டதாகக் கருதுவோர் ரசீது, புட்டி, சீட்டு, விளம்பரத்தின் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் அளிக்கலாம். கடையில் நேரில் வாங்குவோர், சோதிக்கப்போவதை வாங்கும்போதே விற்பனையாளரிடம் தெரிவித்து, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளை ஒப்படைக்கலாம்; விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இழப்பீடு வேண்டுமெனில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதபோது கட்டணமில்லை. விற்றவர் எந்த ஊரினராயினும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இச்சட்டம் இடமளிப்பதால், திருவிடந்தைவாசி செங்கல்பட்டு வரை சென்றாலே போதும்.