பூ விழுந்த கண்ணில் லேசர்

கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் ஊரில் ‘கண்ணில் பூ விழுந்திருக்கு’ என்பார்கள். மருத்துவர்களுக்கு அது கருவிழித் தழும்பு. அடிபட்டாலும் விழும், புண் வந்து ஆறினாலும் விழும். கண்ணில் வளர்ந்த சதையை அகற்றிய இடத்திலும், கண்ணாடியைக் கழற்றலாம் என்று லேசர் செய்துகொண்ட இடத்திலும்கூடச் சிலருக்கு விழுவதுண்டு.

கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். அதில் ரத்தக் குழாயே கிடையாது. கொலாஜன் இழைகள் பாய் முடைந்ததுபோல வரிசை தப்பாமல் கிடப்பதால்தான் ஒளி தடையின்றி உள்ளே போகிறது. காயம் ஆறும்போது அந்த வரிசை கலைந்துவிடும். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு பஞ்சுபோலப் பரவித் தெரியும்.

மேலோட்டமான தழும்பைச் சீவி எடுக்க உதவுவது எக்சைமர் லேசர். இதன் கதை அடுப்படியில் தொடங்குகிறது என்றே சொல்லலாம். 1981 நவம்பரில் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்கு, நன்றி நவிலல் நாள் விருந்தில் மீந்த வான்கோழித் துண்டைக் கொண்டுவந்தார் ரங்கசாமி சீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். 193 நானோமீட்டர் புற ஊதா லேசர் பட்ட இடத்தில் வெட்டு துல்லியமாக விழுந்தது, ஓரம் கருகவில்லை. நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோகலோடு சேர்ந்து அவர் அதைக் கருவிழிக்குக் கொண்டுபோனார். கருவிழி நோய்களுக்கு இந்த லேசரைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 1995இல் அனுமதித்தது.

ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான்தான் சீவப்படும். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, மினுங்கும் விளக்கையே பார்க்கச் சொல்வார்கள். டிக் டிக் என்று சத்தம். தலைமுடி கருகுவதுபோல ஒரு வாடை வரும், பயப்பட வேண்டியதில்லை. மேடு பள்ளத்தை அப்படியே சீவினால் அதே மேடு பள்ளம் அடியிலும் பதிந்துவிடும். அதனால் பிசுபிசுப்பான ஒரு திரவத்தைத் தடவுவார்கள். அது பள்ளங்களில் தேங்கி நிற்க, மேடுகள் மட்டும் சீவப்படும். கைப்பக்குவம் தேவைப்படும் இடம் இதுதான். தழும்பு திரும்ப வராமலிருக்க, புற்றுநோய்க்குத் தரும் மைட்டோமைசின் மருந்தை மிகவும் நீர்க்கச் செய்து சிறிது நேரம் வைத்துக் கழுவிவிடுவதும் உண்டு.

பிறகு சில நாள் வலி, உறுத்தல். மேலே போட்ட மெல்லிய கான்டாக்ட் லென்ஸ்தான் அப்போதைக்குக் கட்டு. நடுப்பகுதி தட்டையாவதால் பலருக்குப் புதிதாகப் பிளஸ் பவர் வரும். கண்ணாடி இல்லாமல் இருக்கலாம் என்று வந்தவருக்கு இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. அக்கி வைரஸ் தாக்கிய கண்ணாக இருந்தால் அது மறுபடி கிளம்பும் அபாயமும் இருக்கிறது. ஆழமான தழும்புக்கு இந்த லேசர் எட்டாது. கருவிழி மாற்று சிகிச்சைதான்.

ஆகவே முதலில் ஸ்கேன் எடுத்துத் தழும்பின் ஆழத்தை அளப்பார்கள். கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் ஒன்றைப் போட்டும் பார்ப்பார்கள். பார்வை சட்டென்று தெளிந்தால், கோளாறு வெள்ளையில் இல்லை, மேடு பள்ளத்தில்தான் என்று அர்த்தம். சிலர் அந்த லென்ஸே போதும் என்று வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு.