டயாலிசிஸ் செய்பவரின் எடை குறையவில்லையா? அதை மட்டும் நம்பாதீங்க!

டயாலிசிஸ் முடிந்து வெளியே வருபவரிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, ‘இன்னைக்கு எவ்வளவு தண்ணி எடுத்தாங்க?’ என்பதுதான். எடை மெஷின் காட்டும் எண்ணில்தான் அந்த வாரத்தின் நிம்மதியே இருக்கிறது. ஆனால், உடம்பில் இருப்பது தண்ணீரா, சதையா என்று அந்த மெஷினுக்குத் தெரியாது.

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே உடம்பில் தங்கும் நீரை எடுத்த பிறகு இருக்கவேண்டிய எடையை ‘ட்ரை வெயிட்’ என்பார்கள். ஒருவருக்கு அது 52 கிலோ என்று ஃபைலில் எழுதியிருக்கிறது என வைத்துக்கொள்வோம். சாப்பாடு குறைந்து, ஆறு மாதத்தில் இரண்டு கிலோ சதை கரைந்துவிட்டது. இப்போது அவருடைய ட்ரை வெயிட் 50. ஃபைலைப் பார்த்து 52-லேயே நிறுத்தினால், கரைந்த சதையின் இடத்தில் இரண்டு கிலோ தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். எடை அப்படியே இருக்கும். ஆனால் பி.பி ஏறும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும்.

ரிப்போர்ட்டும் ஏமாற்றும்!

டயாலிசிஸுக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் குறைந்திருந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. டயாலிசிஸ் முறை மாறாமல், சிறுநீரும் கூடுதலாகப் பிரியாமல், அது மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தால் தசை குறைகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். யூரியா இறங்குவதற்கும் புரதம் சாப்பிடாதது காரணமாக இருக்கலாம்.

அல்புமின் 3.8-க்குக் கீழே போனால் மருத்துவர்கள் கவனிப்பார்கள். ஆனால், ஏதாவது இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும், உடம்பில் நீர் கூடினாலும் அது இறங்கும். ஆக, ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவுக்கு வர முடியாது.

கண்ணும் கையும் போதும்

இதற்காக உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு முறை ‘எஸ்.ஜி.ஏ’. கனடாவின் டொரான்டோ மருத்துவர்கள் 1980-களில் உருவாக்கியது. பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. ஆறு மாதத்தில் எடை எவ்வளவு மாறியது, சாப்பாட்டின் அளவு குறைந்ததா, இரண்டு வாரத்துக்கு மேல் வாந்தி, குமட்டல், பேதி உண்டா, முன்பு செய்த வேலைகளை இப்போது செய்ய முடிகிறதா என்று கேட்பார்கள். பிறகு கன்னப்பொறி, தோள், காறை எலும்பு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை, தொடை என்று தொட்டுப் பார்ப்பார்கள். நல்ல நிலை, மிதமான குறைவு, கடுமையான குறைவு என மூன்றில் ஒன்றாகக் குறிப்பார்கள். கையின் பிடிபலத்தையும், மேல்கையின் சுற்றளவையும் அளப்பதுண்டு. ஃபிஸ்டுலா இல்லாத கையில், டயாலிசிஸ் முடிந்து நீர் இறங்கிய பிறகு அளந்தால்தான் சுற்றளவு சரியாக வரும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இதைப் பார்க்க வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். கூட்டம் நிறைந்த மையங்களில் யாரும் தானாக வந்து செய்வார்கள் என்று காத்திருக்காமல், கேட்டுவிடுவது நல்லது.

பழைய பத்தியம் இன்னும் தொடர்கிறதா?

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன், ‘பருப்பு, முட்டை, கறியைக் குறைங்க’ என்று சொல்லியிருப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிவிடும். ஒவ்வொரு முறையும் கழிவுகளோடு சேர்த்து அமினோ அமிலங்களும் வடிகட்டப்பட்டுப் போய்விடுகின்றன. அதனால் ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 50 கிலோ இருப்பவருக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம். ஆனால் வீட்டில், அந்தப் பழைய சீட்டுதான் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். ‘உங்களுக்கு ஆகாதுப்பா’ என்று அக்கறையோடுதான் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் சுமார் மூன்றரை கிராம் புரதம் இருக்கிறது. பாஸ்பரஸ் மிகக் குறைவு. பால், பருப்பு, கறி எவ்வளவு என்பது அவரவர் பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவைப் பொறுத்தது. கடையில் கிடைக்கும் புரோட்டீன் பவுடரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சிலவற்றில் இந்த இரண்டும் அதிகம்.

அடுத்த முறை போகும்போது, மூன்று நாள் சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அதில் ஒரு நாள் டயாலிசிஸ் நாளாக இருக்கட்டும். அன்றைக்குத்தான் பலரும் ஒரு வேளைச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். சட்டைக்கை, ஜாக்கெட் கை தொளதொளவென்று ஆகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். ‘ட்ரை வெயிட்டைக் கடைசியாக எப்போது மாத்தினீங்க டாக்டர்?’ என்றும் கேளுங்கள்.