வெள்ளம் வடிந்த வீடு: எதை முதலில் செய்வது?

தண்ணீர் வடிந்துவிட்டது என்று தெரிந்ததும் யாருக்கும் வீட்டுக்கு ஓடத்தான் தோன்றும். போன வேகத்தில் துடைப்பத்தைக் கையில் எடுக்கவும் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு செய்யும் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. அது மாறினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கைக்கு வரவேண்டிய பணம் வராமல் போகலாம். கழுவித் துடைத்த வீடு மறுபடி நாறலாம். 2024-இல் ஹெலீன் புயலில் சிக்கிய ஒரு சின்ன ஊரை வைத்து இதைப் பார்ப்போம்.

எந்த ஊர்?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் சுவானநோவா. மக்கள்தொகை சுமார் 5,000. ஊருக்கென்று தனி நகராட்சி கிடையாது. பக்கத்துப் பெரிய நகரம் ஆஷ்வில். ஊரின் பெயரையே கொண்ட ஆறு ஒன்று நடுவே ஓடுகிறது. 2024 செப்டம்பர் 27 காலையில் அந்த ஆறு வீடுகளுக்குள் புகுந்தது. அந்தப் புயலில் வட கரோலினாவில் மட்டும் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கடலே இல்லாத மலையூருக்குப் புயல் வெள்ளம் எப்படி வந்தது?

ஹெலீன் கரையேறியது 600 கிலோமீட்டர் தள்ளி, ஃபுளோரிடாவில். தரையில் ஏறினால் புயலின் காற்று வலுவிழக்கும். ஆனால் அது சுமந்துவரும் ஈரம் அவ்வளவு சீக்கிரம் தீராது. அந்த ஈரக்காற்று மலைமேல் ஏறிக் குளிர்ந்ததும் மழையாகக் கொட்டியது. அதற்கு முன்பே பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்ததால், விழுந்த நீரெல்லாம் ஆற்றுக்கு ஓடியது. பியூசிக் என்ற இடத்தில் சில நாட்களுக்குள் 78 செ.மீ. மழை பதிவானது. ஆஷ்வில் நகர ஆற்றில் தண்ணீர் 1916 வெள்ளத்தின் உயரத்தையும் தாண்டியது. ஆகவே, ‘நாங்கள் கடலோரத்தில் இல்லையே’ என்று நீங்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

வீட்டுக்குள் போனதும் முதல் வேலை என்ன?

உள்ளே போவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. சுவரில் புதிய விரிசல் தெரிகிறதா, கூரை தொய்ந்திருக்கிறதா என்று வெளியில் நின்று பாருங்கள். மின்சாரத்தைப் பற்றி ஒரே விதிதான்: ஈரத்தில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். மின்வாரிய ஆள் வந்து பார்த்த பிறகு இணைப்புக் கொடுக்கட்டும். கேஸ் வாடை வந்தால் தீக்குச்சியும் வேண்டாம், சுவிட்சும் வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருக்கிறீர்களா? அதை வீட்டுக்குள்ளோ, வராந்தாவிலோ, ஜன்னலை ஒட்டியோ ஓட்டக்கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு (நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு) தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும் சக்தி உண்டு.

அடுத்து சுத்தம் செய்யலாமா?

இல்லை, அடுத்தது படம் எடுப்பது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். அதன் பக்கத்தில் டேப்போ அடிக்கோலோ வைத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் மாடல் எண் தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம் வேண்டும். எதையும் தூக்கிப் போடுவது அதற்குப் பிறகுதான். கணக்கெடுக்க வரும் கிராம நிர்வாக அலுவலருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயருக்கும் (சேதத்தை மதிப்பிடுபவர்) நீங்கள் கழுவி வைத்த வீடு எதையும் சொல்லாது.

சேற்றை எப்படி எடுப்பது?

ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் வாரிவிடுங்கள். காய்ந்தால் இறுகிவிடும், பெருக்கினால் தூசியாகி மூக்குக்குள் போகும். அது வெறும் வண்டல் இல்லை. சாக்கடை, பெட்ரோல், பூச்சிமருந்து எல்லாம் அதில் கலந்திருக்கும். கால்களுக்கு ரப்பர் பூட்ஸ், கைகளுக்கு உறை, முகத்துக்கு மாஸ்க் வேண்டும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், வெள்ளநீரில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று அவர் சந்தேகிக்க அந்தத் தகவல் உதவும்.

கழுவிவிட்டால் வேலை முடிந்ததா?

முடியவில்லை. ஈரம் நின்றால் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சுவானநோவா பக்கத்து வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை அடித்தவை. நீர்க்கோட்டுக்கு மேல்வரை பலகைகளை அறுத்து எடுத்து, சட்டங்களை உலர்த்திய பிறகே அந்த வீடுகளில் மறுபடி குடியேற முடியும். தெருவோரங்களில் அந்தப் பலகைகளும் மெத்தைகளும் குவிந்து கிடந்தன.

நம் செங்கல் சுவரை அறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது குடித்த தண்ணீர் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். கதவு ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு உலரவிடுங்கள். நல்ல நாள் வருகிறது என்று அவசரப்பட்டுப் பெயிண்ட் அடித்தால் உப்புப் பூத்து உரிந்துவிடும். பஞ்சு மெத்தையையும் மரத்தூள் பலகை அலமாரியையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றுவது கூடவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

குழாயில் தண்ணீர் வந்தால் குடிக்கலாமா?

ஆஷ்வில் மக்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 53 நாள் ஆனது. நகரின் பெரிய குழாய்களை வெள்ளம் பெயர்த்தது. 2004 வெள்ளத்துக்குப் பிறகு ஆழத்தில் புதைத்த மாற்றுக் குழாயும் தப்பவில்லை. குழாயைச் சரிசெய்த பின்னும் நீர்த்தேக்கம் சேறாகவே இருந்தது. நுண்ணிய களிமண் அடியில் படியாமல் மிதந்தது. அலுமினியம் சல்பேட்டை, அதாவது நம் பானையில் சுற்றும் படிகாரத்தின் இனத்தைச் சேர்ந்த உப்பை, நீர்த்தேக்கத்திலேயே கொட்டித் தெளிய வைத்தார்கள். அக்டோபர் நடுவில் குழாயில் தண்ணீர் வந்தாலும் அது கழிப்பறைக்குத்தான் ஆனது. குடிக்கலாம் என்ற அறிவிப்பு வந்தது நவம்பர் 18 அன்று. வெள்ளம் தொடாத மேட்டு வீடுகளுக்கும் இதே கதிதான்.

உங்களுக்கு இதில் என்ன பாடம்? கலங்கல் இருந்தால் குளோரின் சரியாக வேலை செய்யாது. முதலில் தெளியவிட்டு வடிகட்டுங்கள். பிறகு தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள். ஊட்டி போன்ற உயரமான ஊர்களில் மூன்று நிமிடம் வேண்டும். கொதித்தால் கிருமி சாகும். பெட்ரோலோ பூச்சிமருந்தோ போகாது. அந்த வாடை வந்தால் அந்தத் தண்ணீரே வேண்டாம். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, சுகாதார ஆய்வாளர் சொல்லும் அளவுக்கு பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே குடிக்க எடுங்கள்.

செலவை யார் கொடுப்பார்கள்?

சுவானநோவாவில் பலருக்கு இடி விழுந்தது இங்கேதான். அமெரிக்காவில் சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளம் சேராது. அதற்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். சுவானநோவா இருக்கும் மாவட்டத்தில் நூற்றுக்கு ஒரு வீட்டுக்குக்கூட அது இல்லை. மலையில் எங்கே வெள்ளம் வரப்போகிறது என்ற நினைப்புதான் காரணம்.

இந்தியாவில் நிலைமை கொஞ்சம் மேல். 2021 முதல் விற்கப்படும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுப் பாலிசியில் புயலும் வெள்ளமும் அடங்கும். வண்டிக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் வெள்ளச் சேதத்துக்குப் பைசா கிடைக்காது. முழுப் பாலிசி இருந்தாலும், நீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் கெட்டால், எஞ்சினுக்கான கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் பணம் வரும். சாவியைத் திருகாமல் மெக்கானிக் கடைக்கு இழுத்துச் செல்லுங்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்?

ஃபீமாவிடம் (அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு) விண்ணப்பித்த பலருக்கு நிராகரிப்புக் கடிதம் வந்தது. பல நேரம் ஒரு ஆவணம் குறைவு என்பதே காரணமாக இருக்கும். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கூடவே, ‘மொத்த உதவியே 750 டாலர்தான், அதுவும் கடன்’ என்ற வதந்தி பரவியது. உண்மையில் அது உடனடிச் செலவுக்கான முதல் தொகை. திருப்பித் தர வேண்டியதில்லை. வீட்டைப் பழுதுபார்க்க 42,500 டாலர்வரை தனியாகக் கேட்கவும் வழி இருந்தது. வதந்தியை நம்பி விண்ணப்பிக்காமல் விட்டவருக்குத்தான் நஷ்டம்.

எந்த நாட்டு அலுவலகமானாலும் ‘இல்லை’ என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள், காரணத்தைப் படியுங்கள், குறையும் தாளைச் சேர்த்து மறுபடி கொடுங்கள்.

இப்போது மழை இல்லையே, இன்று செய்ய என்ன இருக்கிறது?

இரண்டு வேலை இருக்கிறது. பத்திரம், ஆதார், ரேஷன் கார்டு, பாலிசித் தாள் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். பிறகு பாலிசியைப் பிரித்து, ‘வெள்ளம்’ என்ற சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காப்பவற்றின் பட்டியலில் இருந்தால் நல்லது. விலக்கியவற்றின் பட்டியலில் இருந்தால், மழைக்காலத்துக்கு முன்பே ஏஜெண்டைக் கூப்பிடுங்கள். உதாரணமாக, அமெரிக்க அரசின் வெள்ளப் பாலிசி எடுத்தால், பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். புயல் பெயர் டிவியில் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.