'ஆக' செய்த குழப்பம்!

நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். ஏழாவது படிக்கும் என் மகளை டியூஷனுக்கு அனுப்ப வசதி இல்லாததால், வீட்டில் நான்தான் பாடம் சொல்லித் தருகிறேன்.

ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ் எது, அட்வெர்ப் எது என்று அவள் குழம்பியபோது, நானே ஒரு சுலப வழி சொன்னேன். தமிழில் 'ஆன' என்று வந்தால் அட்ஜெக்டிவ். 'ஆக' என்று வந்தால் அட்வெர்ப். கூடவே 'லி' சேர்த்துவிடு. 'மெதுவான பஸ்' என்றால் 'ஸ்லோ பஸ்'. 'மெதுவாகப் போகிறது' என்றால் 'கோஸ் ஸ்லோலி'. மகளுக்கு ஏக குஷி!

போன பரீட்சையில் 'தி மேங்கோ டேஸ்ட்ஸ்...' என்று கோடிட்ட இடம் வந்ததாம். 'மாம்பழம் இனிப்பாக இருக்கிறது' என்று நினைத்து, 'ஸ்வீட்லி' என்று எழுதிவிட்டாள். டீச்சர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். "உனக்கே தெரியலைன்னா ஏம்மா சொல்லித் தர்றே?" என்று அவள் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

வெட்கத்தை விட்டு மறுநாள் டீச்சரிடமே போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "டேஸ்ட், ஸ்மெல், லுக், ஃபீல், சவுண்ட் மாதிரி வார்த்தை வந்தா, அதை எடுத்துட்டு 'இஸ்' போட்டுப் பாருங்கம்மா. வாக்கியம் பொருந்தினா அட்ஜெக்டிவ்தான்."

'தி மேங்கோ இஸ் ஸ்வீட்' பொருந்துகிறது. மாம்பழம் எந்த வேலையும் செய்யவில்லை. அதன் குணத்தைத்தான் சொல்கிறோம். 'ஷி சிங்ஸ் ஸ்வீட்லி' என்பதில் பாடும் விதத்தைச் சொல்கிறோம். அதனால் அங்கே 'லி' வேண்டும். தமிழில் 'இனிப்பாக இருக்கிறது', 'இனிமையாகப் பாடுகிறாள்' என்று இரண்டுக்குமே 'ஆக' வருவதால்தான் நான் ஏமாந்திருக்கிறேன்!

இன்னொன்றும் சொன்னார். 'கடுமையாக உழைக்கிறாள்' என்பதற்கு 'ஒர்க்ஸ் ஹார்ட்' என்றே எழுத வேண்டுமாம். 'ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் 'வேலையே செய்வதில்லை' என்கிற மாதிரி ஆகிவிடுமாம். நாள் முழுக்க அடுப்படியில் நிற்கும் நமக்கு இப்படி ஒரு பட்டமா!

வீட்டுக்கு வந்ததும், "அம்மா சொன்னது தப்புடா கண்ணு" என்று மகளிடம் ஒப்புக்கொண்டு, திருத்திச் சொல்லிக் கொடுத்தேன். இரவு சாப்பிடும்போது, "திஸ் ரசம் ஸ்மெல்ஸ் குட்மா!" என்றாள். மனசு நிறைந்துவிட்டது.

தோழிகளே, பிள்ளைக்குச் சொல்லித் தரும்போது சந்தேகம் வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

- ஒரு வாசகி, திண்டுக்கல்