கசடைக் கொட்டாதவர்கள்

நகரத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் நடக்கும் மிக முக்கியமான சோதனைகளுள் ஒன்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் பிடிக்கும் கண்ணாடி உருளையும் கடிகாரமும் போதும். காற்றூட்டும் தொட்டியிலிருந்து நீரை முகந்து உருளையில் ஊற்றி, அரை மணி நேரம் அசைக்காமல் வைப்பார்கள். பழுப்பு நிறக் கசடு திரள் திரளாகக் கீழிறங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். 30-ஆவது நிமிடத்தில் கசடு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். 200, 300 மில்லிலிட்டர் என்றால் பொறியாளருக்கு நிம்மதி. 800, 900 என்றால் ஏதோ கோளாறு. உடனே காரணம் தேட வேண்டும்.

அந்தக் கசடில் பெரும்பகுதி உயிர். கோடானுகோடி பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரண்ட கூட்டம் அது. உள்ளாட்சியில் வேலை பார்க்கும் சுற்றுச்சூழல் பொறியாளர் அன்றாடம் காப்பாற்ற வேண்டியது அந்தக் கூட்டத்தைத்தான்.

எதற்காக என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். மீனும் நத்தையும் அதை நம்பித்தான் வாழ்கின்றன. நம் வீட்டிலிருந்து போகும் கழிவுநீரில் சோற்றுக் கஞ்சி, எண்ணெய், சோப்பு, மலம் எல்லாம் கலந்திருக்கின்றன. ஒரு லிட்டர் கழிவுநீரில் உள்ள இந்தச் சத்தையெல்லாம் தின்று தீர்க்கப் பாக்டீரியாவுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும். அப்படியானால், ஆற்றில் கொட்டும் ஒரு லிட்டர் கழிவுநீர் ஏறத்தாழ 30 லிட்டர் ஆற்றுநீரின் ஆக்சிஜனைக் காலி செய்யும் வலிமை உடையது. ஆக்சிஜன் தீர்ந்த நீரில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவை சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசித்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகின்றன. அது இரும்போடு சேர்ந்தால் கருமையான இரும்பு சல்ஃபைடு. சென்னையின் கூவம் ஆற்றின் நாற்றமும் கறுப்பும் இப்படித்தான் வருகின்றன.

இந்த ஆக்சிஜன் பசியை அளக்கும் சோதனைக்குப் பி.ஓ.டி. என்று பெயர். பிரிட்டனில் கழிவுநீரை ஆராய்ந்த அரச ஆணையம் 1912-இல் ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது: சுத்திகரித்த நீர், லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கேட்கக் கூடாது. சோதனைக் காலம் 5 நாள். அந்நாட்டு ஆறுகளின் நீர் கடலைச் சேர அதற்கு மேல் ஆகாது என்பதே காரணம் என்று சொல்வார்கள். இந்தியாவில் அதே சோதனையை 27 பாகை செல்சியஸில் 3 நாள் செய்கிறார்கள். வெப்பம் கூடினால் பாக்டீரியா வேகமாகத் தின்னும். நம் நாட்டு வெயிலுக்கு 3 நாள் போதும். நம் ஆய்வகங்களின் வழக்கம் நம் மண்ணின் வெப்பத்துக்கு ஏற்ப அமைந்திருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இந்தப் பசியைத் தொட்டிக்குள்ளேயே தீர்க்கும் வழி பிறந்த கதைக்கு, இனி இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போக வேண்டும். அந்நகர மாநகராட்சியின் டேவிஹியூம் கழிவுநீர் நிலையம் 1894-இல் தொடங்கப்பட்டது. மாநகராட்சிக்கு ஆலோசகராக இருந்த கில்பர்ட் ஃபௌலர் 1912-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் போயிருந்தார். லாரன்ஸ் என்ற ஊரில் இருந்த ஆய்வு நிலையத்தில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் திரும்பியதும் ஃபௌலர், மாநகராட்சியின் வேதியியலர்களான எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் இருவரிடமும் அதைச் சொன்னார்.

இருவரும் கழிவுநீரைப் புட்டியில் நிரப்பி, வெளிச்சம் பட்டுப் பாசி வளராதபடி பழுப்புத் தாள் சுற்றி, காற்றைச் செலுத்தினார்கள். நீர் முழுமையாகச் சுத்தமாகச் சுமார் 5 வாரம் ஆயிற்று. 5 வாரம் காத்திருக்க எந்த நகரத்தாலும் முடியாது. நாள்தோறும் வரும் கழிவுநீரை அத்தனை நாள் தேக்கிவைக்க ஏரியளவு தொட்டி வேண்டும். இத்தகைய சோதனைகளில் அடியில் படியும் கசடைக் கொட்டிவிடுவதுதான் அதுவரை பெரும்பாலும் வழக்கம். இவர்கள் மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, கசடை அப்படியே விட்டு, புதிய கழிவுநீரை அதன்மேல் ஊற்றினார்கள். மீண்டும் காற்று, மீண்டும் வடிப்பு, மீண்டும் புதிய கழிவுநீர். ஒவ்வொரு சுற்றிலும் கசடு சேரச் சேர, காலம் குறைந்துகொண்டே வந்தது. வாரங்கள் நாள்களாயின, முடிவில் 24 மணி நேரத்துக்குள்ளேயே வேலை முடிந்தது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டியை எடுத்துவைத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே வித்தைதான்.

1914 ஏப்ரல் 3 அன்று அவர்கள் இதை அறிஞர் கூட்டமொன்றில் அறிவித்தார்கள். இதன் நுட்பம் எங்கே இருக்கிறது என்றால், நீரின் காலத்தையும் உயிரின் காலத்தையும் தனித்தனியே பிரித்துவிட்டதில். இன்றைய தொட்டியில் நீர் தங்குவது சில மணி நேரம். அடியில் படிந்த கசடைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்புவதால் பாக்டீரியாக்கள் பத்து நாள்போலத் தங்குகின்றன. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் இனங்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. தங்க நாள் கிடைக்காவிட்டால் அவை நீரோடு அடித்துச் செல்லப்பட்டுவிடும். உலகின் பெருநகரங்கள் பலவற்றை நாற்றத்திலிருந்தும் நோயிலிருந்தும் காத்துவரும் இந்த முறை, நகராட்சிச் சம்பளம் வாங்கிய இருவர் தம் அலுவலின் பகுதியாகக் கண்டது. அவர்கள் பெயர் நம் பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ஃபௌலர் சில ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார்.

முறை வேகமாகப் பரவியது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1920-களில் இதை மிகப் பெரிய அளவில் கட்டி, மிஞ்சிய கசடை உலர்த்தி உரமாக விற்கத் தொடங்கியது. காப்புரிமை வைத்திருந்த நிறுவனம் வழக்குப் போட்டது. 1934-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமை மீறப்பட்டதை ஒப்புக்கொண்டும் நிலையத்தை நிறுத்த உத்தரவிட மறுத்தது. நிறுத்தினால் நகரத்தின் கழிவு முழுவதும் மிச்சிகன் ஏரியில் கலக்கும். நகரம் குடிப்பதும் அந்த ஏரி நீரைத்தான்.

உள்ளாட்சிப் பொறியாளரின் நிலைமை முழுவதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது: அவரால் வேலையை நிறுத்த முடியாது. ஆலைக்காரர் கதவைச் சாத்திப் பழுது பார்க்கலாம். ஊர் எழுந்து குளிக்கும் காலையில் கழிவுநீர் பெருக்கெடுத்து வரும். வந்ததை வாங்கியே ஆக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மழைநீரும் குழாய்க்குள் புகுந்து, பல நாள் வளர்த்த கசடை அடித்துப் போகும். எங்கோ ஒரு முலாம் பூசும் பட்டறை இரவில் குரோமியக் கழிவைத் திறந்துவிட்டால், அதை முதலில் காட்டிக்கொடுப்பது நுண்ணோக்கிதான். நல்ல கசடில் காம்பும் மணி வடிவ உடலும் கொண்ட வோர்ட்டிசெல்லா என்ற ஓரணு உயிர் உலவும் பாக்டீரியாக்களைத் தின்று நீரைத் தெளிவாக்கிக்கொண்டிருக்கும். நஞ்சு வந்தால் அது காணாமல் போகும். நூல்போன்ற பாக்டீரியாக்கள் மிகுந்தால் கசடு உப்பிப்போய்ப் படியாது; உருளையில் 900-ஐக் காட்டுவது இப்படித்தான். அனுபவப்பட்டவர்கள் தொட்டியருகே நின்று மூச்சிழுத்தே சொல்லிவிடுவார்கள்: மழை நனைத்த மண்ணின் வாசம் என்றால் நலம், அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்றுப் போதவில்லை. அந்தக் காற்றுக்கு ஆகும் மின்சாரமே நிலையத்தின் மின்செலவில் பெரும்பங்கு. அதனால்தான் சென்னையில் கசடை மூடிய தொட்டிகளில் செரிக்கவைத்து, வரும் மீத்தேனை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

அழுகிய முட்டை நாற்றம் தரும் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கும் மனிதரைக் கொல்வது. செறிவு மிகுந்தால் மூக்கின் உணர்வே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது. பாதுகாப்பின்றி மனிதரை உள்ளே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இருந்தும் சாவுச் செய்தி வந்துகொண்டிருக்கிறது. பாக்டீரியாவுக்கு இத்தனை கவனமாகக் காற்று ஊட்டத் தெரிந்த ஒரு துறை இதை ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ளலாகாது.

சுத்திகரித்த நீருக்கும் பயன் உண்டு. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டன. அந்த ஆண்டே கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும், சுத்திகரித்த கழிவுநீரை நுண்வடிப்பாலும் எதிர் சவ்வூடு பரவலாலும் மேலும் தூய்மையாக்கும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். கொடுங்கையூர் நீர் மணலி ஆலைகளுக்கும், கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் குழாயில் போகிறது. ஆலைகள் இப்படி வாங்கும் ஒவ்வொரு லிட்டருக்கும், ஒரு லிட்டர் குடிநீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது.