இணையவழிப் பாடமும் மாணாக்கர் கடமையும்

மத்திய அரசு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தின் வாயிலாக, கல்லூரி மாணாக்கர் பலர் இருந்த இடத்திலிருந்தே பாடம் கேட்கின்றனர். விரும்பிய வேளையில் கேட்கலாம் என்பது உண்மையே. விரும்பிய நாளில் முடிக்கலாம் என்று கருதுவது தவறாகும்.

ஐ.ஐ.டி.களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை உதாரணமாகக் கொள்ளலாம். 12 வாரப் பாடமொன்றில் வாரந்தோறும் பயிற்சி வினாக்கள் தரப்படும்; குறித்த கெடுவுக்குள் விடையளித்தல் வேண்டும். அவற்றுள் சிறந்த 8 பயிற்சிகளின் சராசரிக்கு 25 மதிப்பெண்கள். இறுதித் தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30 பெற்றால்தான் சான்றிதழ் உண்டு. ஆகவே, தேர்வில் 60 பெற்றவரும் பயிற்சிகளைப் புறக்கணித்திருப்பின் சான்றிதழை இழப்பார். தேர்வும் வீட்டிலிருந்து எழுதுவதன்று. தனியே கட்டணம் செலுத்தி, மையத்திற்கு நேரில் சென்று எழுத வேண்டியதாகும்.

மாணாக்கரின் முகக்குறிப்பைக் கண்டு ஐயம் தீர்க்கும் ஆசிரியர் இங்கில்லை. எனவே, ஐயத்தை எழுத்தில் தெளிவாகக் கேட்கும் பழக்கம் இன்றியமையாதது.

பாடத்தைத் தம் கல்லூரி மதிப்பெண் கணக்கில் ஏற்குமா என்பதை மாணாக்கர் முன்னரே அறிதல் நலம். பதிவு செய்யும் நாளிலேயே கெடு நாட்களைக் குறித்துக்கொள்ளுமாறு ஆசிரியர்கள் அவர்களுக்கு அறிவுறுத்துவார்களாயின், இடையில் கைவிடப்படும் பாடங்கள் பெரிதும் குறையும்.