பெட்ரோல் ஊற்றும் ஐந்து நிமிடம்

குற்றாலத்தில் சாரல் காலத்தில் ஐந்தருவிச் சாலைப் படகுக் குழாமுக்குப் போனால் பெடல் படகும் துடுப்புப் படகும்தான். அங்கே தீப்பிடிக்க எதுவும் இல்லை. ஆனால் தாமிரபரணிப் படுகைக்கு மோட்டார் படகு புதிதல்ல. காரையாறு அணையிலிருந்து பாணதீர்த்தம் அருவிக்குச் சுற்றுலாப் பயணிகள் மோட்டார் படகில் போய்வந்த காலம் நெல்லைக்காரர்கள் பலருக்கு நினைவிருக்கும். ஆறு கடலில் சேரும் புன்னக்காயலில் நாட்டுப்படகுகளின் பின்புறம் அவுட்போர்டு இன்ஜின்கள் தொங்குகின்றன. அணைகளில் படகுச் சவாரி வேண்டும் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது.

படகு விபத்து என்றால் நமக்குத் தோன்றுவது கவிழ்வதுதான். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேர் இறந்தார்கள்; கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர். இவற்றுக்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் பற்றியும் ஆள் எண்ணிக்கை பற்றியும் கேட்கப் பழகிவிட்டோம். தீயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சுற்றிலும் தண்ணீர் இருக்கையில் தீ என்ன செய்துவிடும் என்ற எண்ணமே காரணம். 2023 நவம்பர் 19 இரவு விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் பற்றிய தீ அடுத்தடுத்துத் தாவி ஏறக்குறைய 40 படகுகளை அழித்தது. அத்தனையும் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தவைதான்.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. சுழியத்துக்கு 40 டிகிரி கீழே இருக்கும் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு அது ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் ஒழுகினால் ஆவி தரையோடு பரவிக் காற்றில் கலைந்துவிடும். படகோ ஓர் உருளி மாதிரி. அடியிலும் பக்கத்திலும் அடைத்தது, மேலே மட்டும் திறந்தது. சிந்திய பெட்ரோலின் ஆவி அடியில் நீர் கசிந்து தேங்கும் பள்ளத்தில் இறங்கிப் படுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. தளத்துக்கு மேல் நிற்பவருக்கு வாசனைகூட வராமல் போகலாம்.

எவ்வளவு சிந்தினால் ஆபத்து? காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 பங்கு இருந்தாலே பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். கணக்குப் போட்டால், 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 3,000 லிட்டர் காற்றை வெடிக்கும் கலவையாக்கும். சின்னப் படகு ஒன்றின் தளத்துக்கு அடியில் உள்ள இடம் அவ்வளவுகூட இருக்காது. ஆவி 7.6 பங்கைத் தாண்டினால் காற்று போதாமல் பற்றாது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நெடியடிக்கும் இன்ஜின் அறையில் ஒருமுறை சுவிட்சைப் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்று தைரியமாக மூடியைத் திறப்பார்கள். வெளிக்காற்று உள்ளே போய்க் கலவை பற்றும் அளவுக்கு இறங்கும். அடுத்த பொறிதான் வெடிப்பு.

பொறி எங்கிருந்தும் வரும். ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரி முனையில் தளர்ந்த வயர், பயணி கையில் சிகரெட். ஆகவே இன்ஜின் தளத்துக்கு உள்ளே இருக்கும் பெட்ரோல் படகுகளில் ஆவியை வெளியே இழுக்கும் மின்விசிறி ஒன்று இருக்கும். இன்ஜினைக் கிளப்புமுன் அதை நான்கு நிமிடம் ஓட விட வேண்டும் என்பது அமெரிக்கப் படகுகளில் எச்சரிக்கையாகவே ஒட்டப்பட்டிருக்கும். செலவைக் குறைக்கக் காருக்கான ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் படகில் மாட்டுகிற பழக்கம் மிகவும் ஆபத்தானது. படகுக்கென்று செய்யப்படுபவற்றில் உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி தடுப்பு வைத்திருப்பார்கள். காருக்கானதில் அது கிடையாது.

டீசல், மண்ணெண்ணெய் என்றால் பயமில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. திருநெல்வேலி வெயிலில் அது பாதிதான் உண்மை. நம் நாட்டுத் தரவரையறைப்படி இவ்விரண்டும் பற்றத் தொடங்கும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும். கத்திரி வெயிலில் காற்றே அதைத் தாண்டுகிறது. இன்ஜின் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். அதோடு, மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு இன்ஜினையும் பெட்ரோலில்தான் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். ஆகப் பெட்ரோல் கேன் எப்படியும் படகில் ஏறிவிடுகிறது.

பெரும்பாலான ஆபத்து எண்ணெய் நிரப்பும் நேரத்திலேயே கருக்கொள்கிறது. தூக்கி எடுக்கக்கூடிய டேங்கைப் படகில் வைத்தே நிரப்பக் கூடாது. கரையில் இறக்கி, மண்தரையில் வைத்து நிரப்ப வேண்டும். சிந்தினால் அது படகின் பள்ளத்துக்குப் போகாது என்பது ஒரு காரணம். இன்னொன்று நிலைமின்சாரம். பிளாஸ்டிக் கேனுக்குள் பெட்ரோல் வேகமாக விழும்போது மின்னேற்றம் சேர்கிறது. கேன் ஃபைபர் தளத்தின்மேல் இருந்தால் அது இறங்க வழியில்லை. தரையில் வைத்து, பங்க் குழாயின் உலோக மூக்கு வாயில் பட்டபடி, மெதுவாக நிரப்பினால் அது பொறியாகத் தாவாமல் வடிந்துவிடும். விளிம்புவரை நிரப்பவும் கூடாது. 20 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 400 மில்லி பெருகும். பங்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து காலையில் பிடித்த டேங்க், உச்சி வெயிலில் மூடி வழியே தானாகக் கசிவது இப்படித்தான்.

ரப்பர் ஹோஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று பங்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து வெடிப்பு விழச் செய்யும். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். படகு ஆண்டில் பாதி நாள் சும்மா கிடக்கும். அடுத்த சீசனில் முதன்முதலாகக் கிளப்புமுன் ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். பிசுபிசுப்போ மயிரிழை வெடிப்போ தெரிந்தால் துணி சுற்றிச் சமாளிக்காமல் மாற்றிவிட வேண்டும்.

தீயைப் போலவே என்னைக் கவலைப்படுத்துவது ஆற்றில் சிந்தும் எண்ணெய். பாபநாசத்தில் இறங்கும் தண்ணீர் நெல்லை, தூத்துக்குடி வீடுகளின் குடத்துக்கு வருகிற தண்ணீர். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு மைக்ரான் கனத்தில் படர்ந்தால் 1,000 சதுர மீட்டரை மூடும். பெட்ரோலின் பெரும்பகுதி வெயிலில் பறந்துவிட்டாலும் பென்சீன் போன்ற நச்சுகள் ஓரளவு நீரில் கரையும். பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள் சிந்தாமலே கெடுக்கும். ஊற்றிய எரிபொருளில் நாலில் ஒரு பங்குவரை எரியாமலே புகையோடு தண்ணீரில் தள்ளுபவை அவை. தாமிரபரணியில் இன்னும் நீர்நாய்கள் இருக்கின்றன. அவற்றின் அடர்ந்த ரோமம்தான் குளிரைத் தாங்கும் கவசம். எண்ணெய் பட்டால் கவசம் போயிற்று. சிந்தியதன்மேல் சோப்புத்தூள் போடுகிறார்கள். படலம் மறையுமே தவிர எண்ணெய் எங்கும் போகாது. துளித்துளியாய் உடைந்து மீனின் செவுளுக்கு இறங்கும். எண்ணெயை மட்டும் உறிஞ்சும் விரிப்பால் ஒற்றி எடுப்பதே சரி.

தீ பிடித்தேவிட்டால் தண்ணீர் இறைக்கக் கூடாது. பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும், தீயும் கூடவே மிதந்து பரவும். எரிபொருள் வரத்தை அடைத்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, உலர்பொடித் தீயணைப்பானைத் தீயின் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும். இரண்டு கிலோ சிலிண்டர் பத்து வினாடியில் தீர்ந்துவிடும். அதனால் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்தால் வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021இல் வந்த உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்குப் பதிவையும் ஆய்வையும் தீயணைப்புக் கருவிகளையும் கட்டாயமாக்குகிறது. ஏறும் பயணி அந்தச் சிவப்பு சிலிண்டர் எங்கே என்று கேட்டால் படகுக்காரர் கோபப்பட நியாயமில்லை.

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரி முதல் ‘ஆதித்யா’ என்ற படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. லித்தியம் பேட்டரிக்கும் அதற்கே உரிய தீ ஆபத்து உண்டு. ஆனால் கேனும் புனலும் சிந்தலும் இல்லை. காரையாற்றிலோ மணிமுத்தாற்றிலோ இனி படகு விடுவதானால் துடுப்பு, அல்லது மின்படகு என்று டெண்டர் போடும்போதே எழுதிவிட வேண்டும்.